இசக்கிதுரையின் மூன்று மணி நேரம்

மாயம்மாள் அந்தக் கம்ப்யூட்டரைத் தன் குப்பை வண்டியிலேயே தள்ளிக்கொண்டு வந்தாள். மட்டாஞ்சேரி பஜார் சாலையில் ஓர் அரிசி மொத்த வியாபாரி பதினைந்து வருஷம் பில் போட்டுவிட்டு மூலையில் தள்ளிய பெட்டி அது. வண்டியை இரண்டு தடவை கழுவி, சாக்கு விரித்து, பெட்டியைப் படுக்க வைத்து, கயிறு போட்டுக் கட்டியிருந்தாள். துப்புரவுத் தொழிலாளர் குவார்ட்டர்ஸ் வாசலில் இறக்கியபோது தம்பி இசக்கிதுரை கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். கை கொடுக்கவில்லை.

"குப்பைய வீட்டுக்குள்ள கொண்டுவர ஒரே ஆளு நீதான்," என்றான்.

"குப்பை ஏற்கெனவே உள்ளதான் கெடக்கு. அதுக்கு நாப்பத்தேழு வயசு," என்றாள் மாயம்மாள்.

அவன் குடிக்காமல் இருந்த ஐந்தாம் நாள் அது.

இசக்கிதுரை மாநகராட்சியின் கானைக் கும்பலில் தினக்கூலி. இங்கே சாக்கடையைக் கானை என்பார்கள். மட்டாஞ்சேரியில் எந்தக் கானை எங்கே தொடங்குகிறது, எங்கே காயலில் விழுகிறது, எந்த வளைவில் அடைக்கும் என்பது அவனுக்கு மனப்பாடம். மழை பிடித்துக்கொண்டால் எஞ்சினியர்கள் வரைபடத்தை மடித்து வைத்துவிட்டு அவனைத்தான் தேடுவார்கள். ஆனால் அந்த வருஷம் மூன்று தடவை காலை ஆறு மணி ஆஜருக்கு முந்தின நாள் வாடையோடு போய் நின்றான். மூன்றாம் தடவை ஹெல்த் இன்ஸ்பெக்டர் ஓமனா அவன் பெயரின் மேல் கோடு போட்டுவிட்டார்.

மாயம்மாள் ஓமனாவிடம் போய் நின்றாள். கெஞ்சுவது அவளுக்கு வராது. இருபத்தொன்பது வருஷமாகப் பஜார் சாலையைக் கூட்டுகிறவள், ஒரு மெமோகூட வாங்காதவள். அதை மட்டும் சொன்னாள்.

"உங்களப் பத்தி எனக்கறியாம், நல்லாத் தெரியும் சேச்சி," என்றார் ஓமனா. "அறுபது நாள் தர்றேன். தினமும் காலையில நானே கிட்ட வந்து மோந்து பார்ப்பேன். ஒரு நாள் வாடை வந்தா பேர் போயிடும். பின்னே திரும்பி வராது. அவனுக்காக யாரு கையெழுத்துப் போடுறது?"

மாயம்மாள் போட்டாள். ஏழாம் வகுப்பு வரை மலையாளத்தில் படித்தவள். தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக, கோட்டைத் தொடாமல் எழுதினாள். அந்தப் பெயரை நாற்றமடிக்க வைக்க ஒருவனால் முடியும் என்றால் அது தன் தம்பியால்தான் என்பது எழுதும்போதே அவளுக்குத் தெரிந்திருந்தது.

அரசு மருத்துவமனையில் குடியை நிறுத்த மாத்திரை கொடுத்த பெண் ஒரு விஷயம் சொல்லியிருந்தாள்: பகலெல்லாம் பிரச்சினையில்லை, சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டு வரைதான் ஆளைப் பிடித்து இழுக்கும், அந்த நேரத்தில் கைக்கும் கண்ணுக்கும் வேலை வேண்டும். டிவி கண்ணுக்கு மட்டும்தான். போன் ஆகாது, ஏனென்றால் ஐந்து அடித்தால் அதில் ஷாஜி கூப்பிடுவான். ஷாஜி அதே கானைக் கும்பலில் வேலை பார்ப்பவன், இசக்கிதுரையின் குடிக்கூட்டாளி. முதல் நான்கு நாள் மாயம்மாள் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். நான்காம் நாள் அவன் சோற்றுத் தட்டைச் சுவரில் எறிந்தான். மறுநாள்தான் அவளுக்கு அரிசிக் கடையின் மூலையில் கிடந்த பெட்டி நினைவுக்கு வந்தது.

பெட்டி ஓடியது. அதற்குள் ஒரு சீட்டு விளையாட்டும் இருந்தது. திரையில் சீட்டுகளைப் பார்த்ததும் மாயம்மாளுக்கு உடம்பு பற்றிக்கொண்டது. இந்தக் குவார்ட்டர்ஸின் பின்சுவரோரம் சீட்டுக்கட்டு விரிந்தால் நடுவில் பாட்டில் இருக்கும். அவள் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். பாட்டில் இல்லாத சீட்டை அவள் கண்டதேயில்லை. எப்படி அழிப்பது என்று பக்கத்து வீட்டில் கேட்டு வந்து, அந்த விளையாட்டைத் தேடிப் பிடித்து அழித்தாள். மறுபடி தலை காட்டாதபடி, திரையில் இருந்த குப்பைக் கூடையிலிருந்தும் அழித்தாள்.

ஐந்து மணிக்கு இசக்கிதுரை வந்து உட்கார்ந்தான். "இதுல சீட்டு இருக்குமே, எங்க?"

"எடுத்துட்டேன்."

"எடுத்துட்டியா?"

"சீட்டும் சரக்கும் ஒண்ணுதான்."

அவன் அவளையே வெறித்துப் பார்த்தான். "அது ஒத்தைக்கு ஆடுற சீட்டு, அறிவு கெட்டவளே. ஒரு ஆளு, ஒரு கட்டு. கூட்டும் கெடையாது, குடியும் கெடையாது. இந்தப் பெட்டியில ஆடுறதுக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். அதையும் தூத்து வாரிட்ட."

அன்று சாயங்காலம் மூன்று மணி நேரம் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அழித்ததைத் திரும்ப வரவழைக்கவும் அவளுக்குத் தெரியவில்லை, தப்பு செய்துவிட்டேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

மறுநாள் வேலை முடிந்ததும் தோப்பும்படிக்குப் போனாள். மீன்பிடித் துறைமுகம் போகும் வழியில் அபிலாஷ் என்பவன் பழைய கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். பெட்டியின் பின்னால் ஒட்டியிருந்த லேபிளில் கண்டதை எல்லாம், அழிந்துபோன எழுத்தின் இடத்தில் புள்ளி வைத்து, அப்படியே ஒரு தாளில் பார்த்து எழுதிக்கொண்டு போயிருந்தாள். அபிலாஷ் அதைப் படித்துவிட்டுச் சிரித்தான்.

"ஒரு ஜிபி மெமரி. சேச்சி, இதுல நல்லா ஓடுறது உள்ளே இருக்கிற ஃபேன் மட்டும்தான்."

"ஓடுற விளையாட்டு எதுன்னு கேட்டேன். உன் சிரிப்பக் கேக்கல."

"இந்தப் பெட்டிக்கு விளையாட்டு ஏத்துறதும், கெழவன் தலையில செங்கல் ஏத்துறதும் ஒண்ணு. இத ஆக்கிரியில, பழைய இரும்புக்குப் போட்டுட்டு வேற எடுங்க."

"ஆக்கிரியில போட வேண்டியதை எல்லாம் நாங்க போட ஆரம்பிச்சா உன் கடையில உன்னையும் சேத்து எதுவும் மிஞ்சாது. விளையாட்டு இருக்கா இல்லையா?"

அவன் முகம் சுருங்கியது. ஆனாலும் ஒரு பென்டிரைவில் ஏழெட்டை ஏற்றிக் கொடுத்தான். அதில் பாதி இந்தப் பெட்டியில் ஓடாது என்று தெரிந்தே கொடுத்தது என்று அவளுக்குப் பிறகு தெரிந்தது.

கார் பந்தயம் திறக்கவே பதினோரு நிமிஷம் எடுத்தது. முதல் வளைவில் கார் அந்தரத்தில் நின்றது. இசக்கிதுரை கீபோர்டை ஓங்கி அறைந்தான். கால்பந்து விளையாட்டில் ஆள் காலைத் தூக்கினால் ஒரு வாய் சாயா குடித்துவிட்டு வரலாம், அதற்கப்புறம்தான் பந்து நகரும். துப்பாக்கி விளையாட்டில் சத்தம் மட்டும் வந்தது, படம் வரவில்லை. "குருடனுக்கு வாங்கிட்டு வந்தியா?" என்றான்.

மாயம்மாள் ஒரு காலண்டர் தாளைத் திருப்பிச் சுவரில் ஒட்டினாள். விளையாட்டின் பெயர், அதன் அளவு, திறக்க எத்தனை நிமிஷம், எங்கே திக்கியது, தம்பி எத்தனை நிமிஷம் உட்கார்ந்தான் என்று கட்டம் போட்டு எழுதினாள். பத்து நாளில் அந்தத் தாளே அவளுக்குச் சில விஷயங்களைச் சொன்னது. பெட்டிக்கு என்ன வயசோ அதைவிட மூத்த விளையாட்டுதான் ஓடும். ஆளும் மரமும் நிஜம்போல் இருந்தால் ஓடாது, கோட்டுப் படம்போல் தட்டையாக இருந்தால் ஓடும். பெட்டியைத் திறந்தவுடன் அரிசிக் கடையின் பில் போடும் புரோகிராம் தானாகவே பின்னால் எழுந்து உட்கார்ந்துகொள்கிறது, அதை நிறுத்தினால் எல்லாமே கொஞ்சம் லேசாகிறது. இதையெல்லாம் அவள் அபிலாஷிடம் கேட்டுக் கேட்டு, திட்டு வாங்கி, திரும்பத் திட்டித் தெரிந்துகொண்டாள்.

ஆனால் ஓடுவது வேறு, ஆள் உட்காருவது வேறு. பாம்பு விளையாட்டு அழகாக ஓடியது, இருபது நிமிஷத்தில் அவன் எழுந்துவிட்டான். வண்ண உருண்டைகளை உடைக்கும் விளையாட்டுக்குப் பன்னிரண்டு நிமிஷம். "என்னப் பாத்தா பால்வாடிப் பிள்ளை மாதிரி இருக்கா?" சதுரங்கம் நாலு நிமிஷம். அவன் எழுந்து கதவுப் பக்கம் வருவான், அவள் குறுக்கே நிற்பாள், அவன் அவள் பிறந்த நேரத்தைத் திட்டுவான், அவள் அவன் பிறந்த நேரத்தைத் திட்டுவாள். இருவரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்பதால் சண்டை கடைசியில் அம்மா மேலேயே போய் முடியும்.

பதினைந்தாம் நாள் அவள் கொண்டுவந்தது ஒரு குழாய் விளையாட்டு. போனில் ஏற்றும் ஒரு பாட்டின் கால்வாசி அளவுகூட இல்லை. சதுரம் சதுரமாக ஒரு தரை. ஓரத்தில் குழாய்த் துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும், நேர்த் துண்டு, வளைவுத் துண்டு, குறுக்குத் துண்டு. கொஞ்ச நேரத்தில் ஒரு வாயிலிருந்து தண்ணீர் கிளம்பும். அதற்குள் துண்டுகளைப் பொருத்தி, வழியில் ஒழுகாமல் தண்ணீரை மறுவாய்க்குக் கொண்டுசேர்த்தால் அடுத்த கட்டம் வரும்.

இசக்கிதுரை இரண்டு நிமிஷம் பார்த்தான். "எந்த மடையன் செஞ்சது இது?"

"என்ன?"

"தண்ணி மேட்டுக்கு ஏறுது. எங்கயாவது தண்ணி தானா மேட்டுக்கு ஏறுமா? இந்த எடத்துல வளைவு வச்சா ஒரே மழையில அடைச்சுக்கும். இவனைக் கொண்டுவந்து சக்கரியா பஜார் முக்குல இடுப்பளவு கானையில எறக்கணும்."

அவன் திட்டிக்கொண்டே ஆடினான். தண்ணீர் ஒழுகியது, விளையாட்டைச் செய்தவனின் தாயைத் திட்டினான். மறுபடி ஆடினான். மாயம்மாள் அடுப்படியில் நின்று கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழு மணி. ஏழேகால். சாப்பிடக் கூப்பிடாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். எட்டு அடித்தபோது அவன் நாலாவது கட்டத்தில் இருந்தான். தாளில் "இரண்டு மணி நேரம் ஐம்பத்தைந்து நிமிஷம்" என்று எழுதி, எழுதியதை ஒருமுறை சரிபார்த்தாள்.

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. தம்பிக்கு வேண்டியிருந்தது குஷிப்படுத்தும் விளையாட்டு அல்ல. குறை கண்டுபிடித்துச் சண்டை போட ஒரு ஆள் கிடைத்தால் போதும், அவன் அசையமாட்டான். அதில் அவனுக்கு இருக்கும் சுகம் பிராந்தியில்கூடக் கிடையாது.

நாட்கள் போயின. ஷாஜி இரண்டு தடவை ஜன்னலுக்கு வந்தான்.

"எடா இசக்கி, பொம்பளைங்க மாதிரி வீட்டுல இருந்து கம்ப்யூட்டர் படிக்கிறியா? கலெக்டர் பரீட்சையா?"

"அவன் கலெக்டர் ஆனா மொதல்ல ஒன்னத்தான் நாடு கடத்துவான்," என்றாள் மாயம்மாள் உள்ளிருந்து.

"நான் சேச்சிகிட்ட பேசல."

"ஜன்னல் என்னுது. அதுல எவன் மூஞ்சி தெரிஞ்சாலும் நான்தான் பேசுவேன்."

தினம் காலையில் ஓமனா வந்து, இசக்கிதுரையின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டுப் பெயருக்கு நேரே டிக் போட்டார். அவனுக்கு அது பெரும் அவமானம். வீட்டுக்கு வந்து அதற்கும் அக்காவைத்தான் திட்டினான்.

நாற்பத்துநான்காம் நாள் பதினேழாவது கட்டத்தில் சிக்கினான். அங்கே தண்ணீர் வாயும் வடிகால் வாயும் ஏறக்குறைய பக்கத்துப் பக்கத்தில் இருந்தன, நடுவில் பாறைபோல் ஏதோ அடைப்பு. இருபது வருஷம் கானையில் இறங்கியவன் குறுக்கு வழியைத்தான் தேடுவான். வளைவு குறைய வேண்டும், ஓட்டம் நேராக வேண்டும். ஆனால் குறைந்தது இத்தனை குழாயில் தண்ணீர் ஓடியே ஆக வேண்டும் என்று அந்தக் கட்டத்தில் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். அவன் குழாய் அதைத் தொடாமலே போய்ச் சேர்ந்துவிடும், விளையாட்டு ஒப்புக்கொள்ளாது. தாளில் நிமிஷங்கள் குறைய ஆரம்பித்தன. நூற்றைம்பது, நூற்றுப் பத்து, எண்பது. அவன் கண் அடிக்கடி கதவுக்குப் போனது.

மாயம்மாள் பன்னிரண்டு மணிக்கு வேலை முடித்து வருவாள், அவன் வர இரண்டாகும். அந்த இரண்டு மணி நேரத்தில் அவள் கதவைச் சாத்திக்கொண்டு அந்த விளையாட்டில் உட்கார்ந்தாள். தாண்டவே முடியாத கட்டமா, இல்லை இவனுக்குத்தான் முடியவில்லையா என்று தெரிந்தாக வேண்டும். தாண்ட முடியாது என்றால் வேறு விளையாட்டு தேட வேண்டும், நாள் இல்லை. முதல் கட்டத்திலிருந்து தொடங்கினாள். சனிக்கிழமை மத்தியானம் பதினேழுக்கு வந்து, ஆறாம் தடவையில் தண்ணீரைச் சேர்த்துவிட்டாள். எந்தத் துண்டை எங்கே வைத்தாள் என்று தாளில் வரைந்து மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். தம்பியிடம் சொல்லவில்லை. சொன்னால் கோபத்தில் எழுந்து போய்விடுவான் என்று பயம். சொல்லாமல் இருப்பதில் ஒரு சந்தோஷமும் இருந்தது.

ஐம்பத்திரண்டாம் நாள், ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, பெட்டிக்குள் டப்பென்று ஒரு சத்தம். ரப்பர் கருகும் வாடை. திரை செத்தது.

இசக்கிதுரை எழுந்து நின்றான். அவன் முகத்தில் ஐம்பது நாளாகக் காணாத தெளிவு. "போச்சு," என்றான். "நான் ஒண்ணும் செய்யல, நீயே பாத்த. இனி எங்கிட்ட வாயத் தொறக்காத." சட்டையை மாட்டிக்கொண்டு, அவள் கதவை எட்டுமுன் வெளியே போய்விட்டான்.

மாயம்மாள் பெட்டியைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள். பெட்டியை அபிலாஷிடம் கொண்டுபோனால் அது திரும்பி வரும்போது தம்பி குடித்து முடித்திருப்பான். செருப்பை மாட்டிக்கொண்டு அவன் போன வழியில் நடந்தாள்.

மதுக்கடை வரிசை சாலை வரை நீண்டிருந்தது. ஆண்கள் மட்டும், ஒருவன் முதுகில் ஒருவன் மூக்கு படும்படி. இருபத்தொன்பது வருஷத்தில் அந்த இடத்தை அவள் விடியற்காலையில் மட்டும்தான் பார்த்திருக்கிறாள், காலி பாட்டில் பொறுக்க. இசக்கிதுரைக்கு முன்னால் பத்துப் பேர், பின்னால் ஷாஜி. மாயம்மாள் போய் இருவருக்கும் நடுவில் நின்றாள்.

"சேச்சிக்கு எந்தா வேண்டே?" என்றான் ஷாஜி, எல்லோருக்கும் கேட்க. "ரம்மா, பிராந்தியா?"

"ஒன் வாய்க்கு ஒரு மூடி."

வரிசையில் சிரிப்பு எழுந்தது. அவள் பஜார் சாலையில் கூட்டும் கடைகளின் ஆட்களும் அங்கே நின்றார்கள், தெரிந்த முகங்கள். அவள் காதெல்லாம் சுட்டது. ஆனால் நகரவில்லை.

"வீட்டுக்குப் போ," என்றான் இசக்கிதுரை திரும்பாமல். "அழுது காலப் பிடிக்கலாம்னு வந்தியா?"

"ஒனக்கு அழ நான் கிறுக்கியா? ஒண்ணு சொல்லிட்டுப் போக வந்தேன். பதினேழ நான் சனிக்கிழமையே முடிச்சிட்டேன்."

வரிசை ஓரடி நகர்ந்தது. அவன் நகர மறந்தான். பின்னாலிருந்து தள்ளினார்கள்.

"பொய்."

"நான் எப்பப் பொய் சொன்னேன்?"

அவள் எவ்வளவு மோசமானவள் என்று அவனால் ஒரு மணி நேரம் பேச முடியும், ஆனால் பொய் பேசுகிறவள் என்று மட்டும் சொல்ல முடியாது. "எத்தனை குழாய்?" என்றான்.

"முப்பத்தொண்ணு."

"அத்தனை வைக்க நேரம் ஏது? தண்ணி வந்துரும்."

"தண்ணி கெளம்பறதுக்கு முன்னாடியே ஓரமெல்லாம் போட்டு முடிச்சிட்டேன். ஓரத்துல ஆரம்பிச்சா நடு தானா வரும். ரோடு கூட்டுறவளுக்குத் தெரியும்."

"ரோடு வேற, கானை வேற." குரல் ஏறியது. "ஓரத்துல சுத்தி வந்தா நடுவுல தன்னையே குறுக்க வெட்டணுமே."

"வெட்டுச்சு."

"தன் மேலயே ஏறிப் போற கானைய எந்தக் கிறுக்கனாவது போடுவானா?"

"நான் போட்டேன். தாண்டுச்சு. பதினெட்டு வந்துச்சு." அவள் நிறுத்தி, மெதுவாகச் சொன்னாள். "அதையும் முடிச்சிட்டேன்."

அவன் இப்போது முழுதாகத் திரும்பி நின்றான். அவன் கண்களில் இருந்ததை வெறுப்பு என்றுதான் சொல்ல வேண்டும். "தாளக் காட்டு. நீ எழுதி வச்சிருப்ப. எழுதாம இருக்க மாட்ட."

அவள் ரவிக்கையில் கை வைத்தாள், எடுக்கவில்லை. "ஒனக்கு எதுக்கு? நீ வாங்கிட்டுக் குடிச்சிட்டுப் படு. பெட்டிய நான் அபிலாஷ்கிட்டக் கொண்டுபோறேன், அவன் ஏழரைக்குத்தான் அடைப்பான். சரியானதும் பத்தொன்பதையும் நானே பாத்துக்கிறேன்."

இந்தப் பேச்சு வேலை செய்யாவிட்டால் அவளிடம் வேறு எதுவும் இல்லை. நாளை காலை ஆறு மணிக்கு அவன் பெயர் போகும், அவள் கையெழுத்தும் கூடப் போகும். வரிசை நகர்ந்து இசக்கிதுரை கடையின் ஜன்னலை அடைந்துவிட்டான். உள்ளே இருந்தவன் என்ன வேண்டும் என்று கேட்டான், மறுபடியும் கேட்டான். "எடா, சொல்லு," என்று ஷாஜி முதுகில் குத்தினான்.

"தொடாதடா," என்று இசக்கிதுரை ஷாஜியைப் பார்த்துக் கத்தினான். பிறகு அக்காவைப் பார்த்து, "நீயும் அந்தப் பெட்டியத் தொடாத. என் வெளையாட்டுல ஒனக்கென்ன வேலை? திருட்டுத்தனமா பகல்ல உக்காந்து ஆடியிருக்க," என்றான். வரிசையை விட்டு விலகி வீட்டைப் பார்த்து வேகமாக நடந்தான். ஷாஜி பின்னாலிருந்து ஏதோ கெட்ட வார்த்தை சொன்னான். மாயம்மாளுக்கு அது காதில் விழுந்தது, பதில் சொல்ல மூச்சு மிச்சமில்லை. தம்பிக்கும் தனக்கும் நடுவில் இருபதடி விட்டே நடந்தாள்.

பெட்டியை அவனே தோளில் ஏற்றிக்கொண்டு தோப்பும்படிக்குப் போனான். அபிலாஷ் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் டப்பா எரிந்துவிட்டது என்று சொல்லி, பழைய பெட்டி ஒன்றிலிருந்து வேறொன்றைக் கழற்றி மாட்டினான். மாட்டும்போது, "இந்தப் பெட்டிய இன்னுமா வச்சிருக்கீங்க?" என்று கேட்டதற்கு அக்காவும் தம்பியும் ஒரே நேரத்தில் அவன்மேல் பாய்ந்தார்கள். கடையின் மேசையிலேயே திரையை இணைத்து, இசக்கிதுரை நின்றுகொண்டு பதினேழை ஆடினான். மாயம்மாள் தாளை அவன் முன்னால் விரித்து வைத்தாள். அவன் அதைப் பார்க்காமலே கவிழ்த்து வைத்தான். ஏழரைக்குப் பாதி ஷட்டர் இறங்கியது. அவன் குனிந்தபடி ஆடினான். ஏழே முக்காலுக்குத் தண்ணீர் மறுவாயில் விழுந்தது. இருபத்தெட்டுக் குழாய். தன் மேல் தானே ஒரே ஒரு தடவைதான் ஏறியது.

"பாத்தியா," என்றான். "ஒன்னோடதுல மூணு குழாய் வெட்டிச் செலவு."

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஓமனா வந்து, அவன் முகத்தருகே நின்று மூச்சை இழுத்தார். ஒரு நொடி கூடுதலாகவே நின்றார், யாரோ நேற்று வரிசையில் பார்த்ததைச் சொல்லியிருக்க வேண்டும். பிறகு டிக் போட்டுவிட்டு அடுத்தவனிடம் போனார். எதிர் நடைபாதையில் மாயம்மாள் குனிந்து கூட்டிக்கொண்டிருந்தாள், விளக்குமாறு ஒரே இடத்தில் போய்ப் போய் வந்தது. இசக்கிதுரை மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அவளைக் கடந்து போனான். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போனான். நாலடி போய், "இனிமே என் வெளையாட்டுல கை வச்ச, கைய ஒடிப்பேன்," என்றான்.

"பத்தொன்பதுல மாட்டிக்கிட்டு வருவ, அப்பப் பாத்துக்கறேன்," என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமல்.